'டியூ டு': அடுத்த வரியில் என்ன எழுதுவது?

மரணத்துக்கான மருத்துவச் சான்றுப் படிவத்தில் மருத்துவர் எழுத வேண்டிய இடம் மிகக் கொஞ்சம். முதல் பகுதியில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று வரிகள், இரண்டாம் பகுதியில் ஒன்றிரண்டு வரிகள், ஓரத்தில் ஒவ்வொரு நோயும் எத்தனை நாள் இருந்தது என்று குறிக்க ஒரு கட்டம். முதல் பகுதியின் வரிகளுக்கு நடுவே பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் ஆங்கிலத் தொடர் 'டியூ டு'. நோய்களின் பெயரைக் கற்கவும் அவற்றைப் பிரித்தறியவும் ஐந்தரை ஆண்டு படிக்கிறோம். இந்த இரண்டு சொல் என்ன கேட்கிறது என்பதற்குப் பல கல்லூரிகளில் ஒரு வகுப்புக்கூட முழுசாக ஒதுக்குவதில்லை. நள்ளிரவு டியூட்டியில் ஹவுஸ் சர்ஜன் கையில் கேஸ் ஷீட்டோடு சேர்ந்து இந்தப் படிவமும் வருகிறது; பழைய படிவம் ஒன்றைப் பார்த்து அவர் எழுதுகிறார்; அதைப் பார்த்து அடுத்தவர் எழுதுகிறார். நிரப்பவும் நிரப்பியதைச் சரிபார்க்கவும் வேண்டிய இடத்தில் இருப்பவருக்குச் சீக்கிரமே ஒன்று பிடிபடும். நோய்ப் பெயர் தவறுவதால் கெடும் படிவங்கள் குறைவு. பெயர்கள் எல்லாம் சரியாக இருந்தும், அவற்றுக்கு நடுவே அச்சாகியிருப்பதைப் படிக்காமல் விட்டதால் கெடும் படிவங்களே அதிகம். அந்தத் தொடர் ஒரு வாதத்தைக் கேட்கிறது. நாம் பட்டியலைக் கொடுக்கிறோம்.

ஆங்கில இலக்கணக்காரர்களுக்கும் இந்தத் தொடரோடு நெடுநாள் வழக்கு உண்டு. ஹென்றி ஃபவுலர் 1926-இல் வெளியிட்ட ஆங்கில வழக்கு அகராதியில் இதைக் கடுமையாகவே கண்டித்தார். 'டியூ' என்பது பெயரடை; ஏதாவது ஒரு பெயர்ச்சொல்லில் சாய்ந்துதான் நிற்க வேண்டும் என்பது அவர் கட்சி. தாமதம் மழைக்கு 'டியூ' என்றால் சரி, ஏனென்றால் தாமதம் பெயர்ச்சொல். ரயில் பிந்தி வந்தது, மழைக்கு 'டியூ' என்றால் தப்பு. அங்கே சாய்வதற்குப் பெயர்ச்சொல் இல்லை, 'ஓயிங் டு' அல்லது 'பிகாஸ் ஆஃப்' போட வேண்டும். 'ஓயிங் டு'வும் ஒரு காலத்தில் கடன்பட்டிருப்பதைச் சொல்லும் வினையெச்சமாக இருந்து முன்னிடைச்சொல்லாக மாறியதுதான். அதற்குக் கிடைத்த மன்னிப்பு இதற்குக் கிடைக்கவில்லை. 1957 அக்டோபரில் கனடா நாடாளுமன்றத்தைத் திறந்து வைத்த இரண்டாம் எலிசபெத் அரசியின் உரையில் ஒரு வாக்கியமே 'டியூ டு' என்று தொடங்கியது. ஃபவுலரின் நூலை 1965-இல் திருத்திய எர்னஸ்ட் கோவர்ஸ் அதைக் குறிப்பிட்டார். இன்று பெரிய அகராதிகள் எதுவும் இதைப் பிழை என்பதில்லை. எப்படியானாலும் நம் படிவத்தில் சண்டைக்கு இடமே கிடையாது. மேல் வரியில் ஒரு பெயர், கீழ் வரியில் ஒரு பெயர், நடுவில் இது. ஃபவுலரே கையெழுத்திட்டிருப்பார். ஆனால் அந்தப் பழைய சண்டையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. 'டியூ' என்பதன் வேர் கடன். மேலே உள்ளது கீழே உள்ளதற்குக் கடன்பட்டிருக்கிறது, அது இல்லையென்றால் இது வந்திருக்காது என்கிறது இந்தத் தொடர். 'அண்ட்', 'வித்', 'ஆஃப்டர்' எதுவும் இதைச் சொல்லாது.

இந்தப் படிவத்தின் உலகப் பொது வடிவம் 1948-இல் பாரிஸில் நடந்த நோய் வகைப்பாட்டின் ஆறாம் திருத்த மாநாட்டில் உருவானது. அதற்கு முன் ஒரு சான்றில் இரண்டு மூன்று நோய்கள் எழுதப்பட்டிருந்தால் எதைக் கணக்கில் சேர்ப்பது என்பதற்கு ஒவ்வொரு நாடும் தன் விதியை வைத்திருந்தது. 1948-இல் அந்தத் தீர்ப்பை உடம்பைப் பார்த்த மருத்துவரிடமே விட்டார்கள். சாவை நோக்கிச் சென்ற நிகழ்வுத் தொடரை எந்த நோய் அல்லது எந்தக் காயம் தொடங்கி வைத்ததோ அது அடிப்படைக் காரணம். அதை மருத்துவர் கடைசி வரியில் எழுத வேண்டும். எண்ணுகிறவர்கள் அதைத்தான் எண்ணுவார்கள். இந்தியாவில் மருத்துவமனைச் சாவுக்கு நான்காம் எண் படிவம், வீட்டில் நேரும் சாவுக்கு 4ஏ. இரண்டுமே இதே எலும்புக்கூடு. ஒரு படிவத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முதல் வரியில் செப்டிசீமியா, மூன்று நாள். 'டியூ டு'. இரண்டாம் வரியில் வலது காலில் நீரிழிவு அழுகல், மூன்று வாரம். 'டியூ டு'. மூன்றாம் வரியில் இரண்டாம் வகை நீரிழிவு, பதினைந்து ஆண்டு. கீழே போகப் போகக் காலம் நீள்கிறது. மேலிருந்து படித்தால் ஒவ்வொரு வரியும் 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில். கீழிருந்து படித்தால் ஒரு மனிதர் இறந்த கதை. இந்தச் சாவு நீரிழிவுக் கணக்கில் சேரும். அதே மருத்துவர் முதல் வரியோடு நிறுத்தியிருந்தால், அது ஏதோ ஒரு கிருமித் தொற்று. அடுத்த ஆண்டு நீரிழிவுக் கால் சிகிச்சைக்கு ஒரு மாவட்டத்தில் எவ்வளவு பணம் ஒதுக்குவது என்று பார்க்கிறவர் கண்ணில் இந்த மனிதர் படவே மாட்டார்.

நடைமுறையில் முதல் வரியை ஆக்கிரமிப்பது 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்'. இதயமும் மூச்சும் நின்றுபோயின. இறந்தவர் அத்தனை பேருக்கும் இது பொருந்தும். பொருந்தாத ஒருவர் இருந்தால் அவருக்குச் சான்று எழுதக் கூடாது. இறக்கும் விதத்தை எழுதாதே, நோயையோ காயத்தையோ சிக்கலையோ எழுது என்று படிவத்திலேயே அச்சடித்திருக்கிறது. அப்படியும் ஏன் எழுதுகிறார்கள்? அறியாமை என்று சொல்லிவிடுவது நியாயமில்லை. அது ஒருபோதும் பொய்யாகாது, யாரும் கேள்வி கேட்க முடியாது, வழக்கு வராது. அந்தப் பாதுகாப்பே அதன் கோளாறும். பொய்யாகும் வாய்ப்பே இல்லாத ஒன்றைக் காரணம் என்று சொன்னால் எதையும் சொல்லவில்லை என்று அர்த்தம். 'டியூ டு' கேட்பது, வேறு மாதிரியும் நடந்திருக்கக்கூடிய ஒன்றை. இந்தக் காலில் இந்தப் புண் வராமல் இருந்திருக்கலாம், வந்தது, அதனால் இது. உலகளாவிய நோய்ச் சுமையைக் கணக்கிட்ட கிறிஸ்டோபர் மர்ரேயும் ஆலன் லோபஸும் 1990-களில் இப்படிப்பட்ட பதிவுகளுக்குக் குப்பைக் குறியீடுகள் என்றே பெயர் வைத்தார்கள். சொல் கொஞ்சம் முரட்டுத்தனம்தான். ஆனால் இதய நிறுத்தம், முதுமைத் தளர்ச்சி, பல உறுப்புச் செயலிழப்பு என்று முடியும் தாள்களைக் கட்டுக் கட்டாகப் புரட்ட வேண்டியிருப்பவர்களுக்கு அதைவிட மென்மையான சொல் அவ்வளவு எளிதாக வாயில் வராது.

வரிசை தலைகீழாகப் போவது அடுத்த தொல்லை. முதல் வரியில் ரத்த அழுத்தம், இரண்டாம் வரியில் பக்கவாதம், மூன்றாம் வரியில் நிமோனியா. கதை சொல்கிற ஒழுங்கில் இது சரி. முதலில் வந்தது முதலில். படிவத்தின் ஒழுங்கில் இதைப் படித்தால், ரத்த அழுத்தம் பக்கவாதத்தால் வந்தது, பக்கவாதம் நிமோனியாவால் வந்தது என்று ஆகும். தமிழில் காரணத்தை முன்னால் சொல்லி விளைவைப் பின்னால் சொல்லும் பழக்கம் நமக்கு, அதனால்தான் இந்தக் குழப்பம் என்று ஒரு விளக்கம் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்த மருத்துவர்கள் எழுதும் ஊர்களிலும் இதே தலைகீழ் வரிசை ஆய்வுக்கு ஆய்வு அகப்படுகிறது. எனவே மொழியைக் குற்றம் சொல்வதற்கில்லை. நோயாளியின் வரலாற்றை எழுதும்போது தொடக்கத்திலிருந்து முடிவுக்குப் போகப் பழகிய கை, முடிவிலிருந்து தொடக்கத்துக்குத் திரும்பிப் போகத் தயங்குகிறது. இங்கிலாந்தின் சான்றில் 'டியூ டு' கிடையாது. இரண்டாம் வரியில், முதல் வரிக்கு இட்டுச் சென்ற வேறு நோய் எது என்று கேட்கிறார்கள். அம்பு மேல்நோக்கிப் போகிறது; கேட்கும் விஷயம் ஒன்றுதான். அங்கேயும் தப்பு குறையவில்லை. திருத்தத்துக்கு உதவுவது ஓரத்தில் இருக்கும் கால அளவுக் கட்டம். அதை நிரப்பச் சொன்னால் பாதிப் பிழை எழுதுகிறவர் கண்ணிலேயே பட்டுவிடும். பத்து ஆண்டு ரத்த அழுத்தம் ஐந்து நாள் நிமோனியாவால் வந்திருக்க முடியாது. அந்தக் கட்டம் மிக அதிகமாகக் காலியாக விடப்படுவது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன்.

ஆனால் கால ஒழுங்கு சரியாக இருப்பது மட்டும் போதாது. இதற்குப் பின் அது வந்தது என்பது இதனால் அது வந்தது என்பதற்குச் சாட்சி ஆகாது. பதினைந்து ஆண்டாக நீரிழிவு உள்ள ஒருவர் பேருந்து மோதி மண்டை உடைந்து இறந்தால் நீரிழிவுக்கு அங்கே வரி கிடையாது. இது எளிது. மாரடைப்பில் இறந்தவருக்கு நீரிழிவும் இருந்தால்? இதய நாளங்களைக் கெடுத்ததில் அதற்குப் பங்கு உண்டு என்று கருதும் மருத்துவர் மூன்றாம் வரியில் எழுதலாம். இருபது ஆண்டு புகைபிடித்தவர், சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர் என்று கேஸ் ஷீட் சொன்னால், இரண்டாம் பகுதியில், சாவுக்குத் துணைபோன, ஆனால் சங்கிலியில் சேராத நோய் என்று எழுதலாம். ஒரே மனிதர், இரண்டு படிவம், தேசியக் கணக்கில் இரண்டு வெவ்வேறு தலைப்பில் விழக்கூடிய சாவு. இரண்டில் எது சரி என்பதைச் சங்கிலியை நேரில் பார்த்தவர் மட்டுமே சொல்ல முடியும் என்பதால்தான் அந்த அதிகாரம் எண்ணுகிறவருக்குத் தரப்படாமல் எழுதுகிறவருக்குத் தரப்பட்டிருக்கிறது. இரண்டாம் பகுதியைக் குப்பைக் கூடைபோல, இடம் போதாத நோய்களை எல்லாம் தள்ளிவிடும் இடமாக நினைக்கிறவர்கள் இந்த அதிகாரத்தைக் கைகழுவிவிடுகிறார்கள்.

'டியூ டு'வுக்கும் 'வித்'துக்கும் உள்ள வித்தியாசம் மருத்துவமனைக்கு வெளியே தெருவரைக்கும் வந்தது கொரோனா காலத்தில். கொரோனாவால் இறந்தாரா, கொரோனாவோடு இறந்தாரா? உலக சுகாதார நிறுவனம் 2020 ஏப்ரலில் கொடுத்த வழிகாட்டுதல் தெளிவாகவே இருந்தது. நோய் அறிகுறிகள் பொருந்தி, விபத்துபோலச் சம்பந்தமே இல்லாத வேறு காரணம் கண்ணெதிரே இல்லையென்றால், கொரோனாதான் அடிப்படைக் காரணம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இரண்டாம் பகுதிக்குப் போக வேண்டும். 'ஏற்கெனவே அவருக்குச் சர்க்கரை இருந்தது' என்பது அன்று மாவட்டத்துக்கு மாவட்டம் ஒலித்த வாதம். பதினைந்து ஆண்டு சர்க்கரையோடு நடமாடியவர் இந்த வாரம் ஏன் இறந்தார் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. தமிழ்நாட்டில் 2020 ஜூலையில், சென்னையில் முன்பு விடுபட்ட 444 மரணங்கள் ஒரே நாளில் கொரோனாக் கணக்கில் சேர்க்கப்பட்டன. அதற்கு அடுத்த மாதம் இங்கிலாந்தில் எதிர்த்திசையில் ஒரு திருத்தம் நடந்தது. தொற்று உறுதியானவர் எப்போது எதனால் இறந்தாலும் எண்ணிவந்த முறையை மாற்றி 28 நாள் எல்லை வைத்தார்கள். பிரிட்டனின் மொத்த எண்ணிக்கை ஐயாயிரத்துக்கும் மேல் குறைந்தது. யாரும் பிழைத்து எழவில்லை. நாள் எல்லை என்பது மருத்துவரின் வாதத்துக்குப் பதிலாக நாட்காட்டியை வைப்பது. வேகமாக எண்ண அது தேவைப்பட்டது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதற்குப் பெயர் 'டியூ டு' அல்ல.

2021-இல் இந்தியாவில் இது இன்னும் சிக்கலானது. உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, கொரோனாவில் இறந்தவரின் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று முடிவானது. தொற்று உறுதியாகி 30 நாளுக்குள் இறந்தால் மருத்துவமனைக்கு வெளியே என்றாலும் கொரோனா மரணம்தான் என்று வழிகாட்டுதல் வந்தது. முதலில் தற்கொலையை விலக்கியிருந்தார்கள். நீதிமன்றம் கேட்ட பிறகு, 30 நாளுக்குள் தற்கொலை செய்துகொண்டவரின் குடும்பத்துக்கும் பணம் உண்டு என்று மத்திய அரசு ஒப்புக்கொண்டது. மனிதத்தன்மையுள்ள முடிவு. ஆனால் நிவாரணத்துக்கான காரணம் வேறு, நோய்க் கணக்குக்கான காரணம் வேறு. நிவாரணம் கேட்பது, இந்தக் குடும்பம் இந்தப் பெருந்தொற்றில் அடிபட்டதா என்பதை. படிவம் கேட்பது, இந்த உடம்பில் எது எதைத் தொடங்கி வைத்தது என்பதை. ஒரே தொடரை இரண்டு அலுவலகங்கள் இரண்டு வேலைக்குப் பயன்படுத்தினால், சந்தேகம் வரும் இடத்தில் மருத்துவர் எந்த வேலைக்காகக் கையெழுத்திடுகிறார் என்பதைப் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

இங்கே கடினமான ஓர் ஆட்சேபம் வரும். சங்கிலி எங்கே நிற்கும்? கால் அழுகல் நீரிழிவால் என்றால், அழுகும்வரை அவர் ஆஸ்பத்திரிக்கு வராதது எதனால்? கூலி போய்விடும் என்பதால். அப்படியானால் கடைசி வரியில் வறுமை என்று எழுத வேண்டாமா? இது விளையாட்டுக் கேள்வி அல்ல. இங்கிலாந்தின் பதிவாளர் நாயகம் அலுவலகத்தில் புள்ளிவிவரப் பொறுப்பில் இருந்த வில்லியம் ஃபார், 1839-இல் வெளியான முதல் அறிக்கையில் 63 சாவுகளைப் பட்டினிச் சாவு என்று வகைப்படுத்தினார். 1834-இல் வந்த புதிய ஏழைகள் சட்டத்தை நடத்திக்கொண்டிருந்த ஆணையத்தின் செயலாளர் எட்வின் சாட்விக் கொதித்துப் போனார். ஏழைகளைப் பட்டினியால் சாக விடாத ஏற்பாடு என்று சொல்லிக்கொண்ட ஆட்சியில் பட்டினிக்கு ஒரு பத்தியா? சாட்விக் பக்கத்தின் வாதம், அந்த 63-இல் பல உண்மையில் நோய் என்பது. ஃபாரின் பதில், பசி பெரும்பாலும் நேரடியாகக் கொல்வதில்லை, நோய்களைப் பிறப்பித்து அவற்றின் வழியாகக் கொல்கிறது என்பது. பார்த்தால் இருவரும் ஒரே உடம்பைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒருவர் சங்கிலியை ஒரு கண்ணி மேலே அறுக்கிறார், மற்றவர் ஒரு கண்ணி கீழே. 1943 வங்கப் பஞ்சத்திலும் இறந்தவர்களில் பெரும்பாலோரை மேல் வரியில் கொண்டுபோனது மலேரியா, காலரா, அம்மை. கீழ்வரியை எழுதாமல் விட்டால் பஞ்சம் என்று ஒன்று நடந்ததே தெரியாது. ஒரு கண்ணி மேலே அறுப்பது எப்போதும் நடுநிலை ஆகாது. பல நேரம் அதில் ஒருவருக்கு வசதி இருக்கிறது.

ஆனாலும் வறுமையை மூன்றாம் வரியில் எழுதச் சொல்ல மாட்டேன். கடும் ஊட்டச்சத்துக் குறைவு உடம்பில் தெரியும்; எடை பார்க்கலாம், அளக்கலாம், அதனால் எதிர்ப்பாற்றல் குறைந்து நிமோனியா வந்தது என்று வாதிடலாம். அதை எழுத வேண்டும், எழுதாமல் விடுவது குற்றம். வறுமைக்குச் சான்று தர மருத்துவரிடம் கருவி கிடையாது. கையெழுத்திடுகிறவர் தான் பார்த்ததையும் பார்த்ததிலிருந்து நியாயமாக ஊகித்ததையும்தான் கடன்பத்திரத்தில் எழுத முடியும். அதற்குக் கீழே இருக்கும் கண்ணிகளைத் தேட, நூறு ஆயிரம் படிவங்களைச் சேர்த்துவைத்து எந்தத் தெருவில், எந்தத் தொழிலில் இந்தச் சாவுகள் குவிகின்றன என்று பார்க்கும் ஆட்கள் வேண்டும். ஃபார் செய்தது அதைத்தான். அவர்களுக்குக் கிடைக்கும் தாளில் ஊட்டச்சத்துக் குறைவு என்று எழுதியிருந்தால் வறுமை தானாகத் தெரியவரும். நிமோனியாவோடு நின்றிருந்தால் தெரியாது.

சங்கிலியை வேண்டுமென்றே நடுவில் வெட்டும் வேலையும் நடக்கிறது. எழுபது வயது மூதாட்டி குளியலறையில் வழுக்கி விழுகிறார், தொடை எலும்பின் கழுத்து முறிகிறது, படுத்த படுக்கையில் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போய் அடைத்து இறக்கிறார். மூன்றாம் வரியில் விழுந்தது என்று எழுதினால் எம்.எல்.சி. எனும் மருத்துவச் சட்ட வழக்கு, போலீசுக்குத் தகவல், பிரேதப் பரிசோதனை. குடும்பம் கைகூப்புகிறது, மருத்துவரும் நுரையீரல் அடைப்போடு நிறுத்திக்கொள்கிறார். கல்லீரல் சுருக்கத்துக்குக் கீழே குடியை எழுதினால் காப்பீடு போய்விடும் என்ற பயம். காசநோய், எச்.ஐ.வி. என்றால் ஊர் வாய். இரக்கத்தின் பேரில் நடக்கும் இந்த மறைப்பு புதிதல்ல. லண்டனின் மரணப் பட்டியல்களை ஆராய்ந்து ஜான் கிராண்ட் 1662-இல் எழுதிய நூலிலேயே, பிரெஞ்சு மேகநோய் என்று அன்று அழைத்த சிபிலிஸ் சாவுகள் புண், கட்டி என்ற தலைப்புகளில் ஒளிந்திருப்பதையும், பிணத்தைப் பார்க்கப் போகும் கிழவிகளுக்குக் கொஞ்சம் பானமும் காசும் கொடுத்தால் போதும் என்பதையும் கண்டுபிடித்துவிட்டார். நம் சட்டம் இந்த விஷயத்தில் முன்யோசனையோடுதான் இருந்தது. 1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, பதிவாளர் தரும் இறப்புச் சான்றிதழில் சாவின் காரணம் இருக்கக் கூடாது. வங்கிக்கும் பள்ளிக்கும் காட்டும் தாளில் நோய்ப் பெயரே வராது. மருத்துவர் எழுதும் காரணம் அரசுக்குப் போகும் தனித் தாள். 2023-இல் வந்த திருத்தத்தின்படி அதன் நகல் நெருங்கிய உறவினர் கைக்கும் போகிறது. எனவே பழைய பாதுகாப்பு கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, கைகூப்பல்கள் கூடும். வேடிக்கை என்னவென்றால், 2021-இல் நிவாரணத்துக்காக, காரணம் எழுதிய தாளைக் கேட்டு ஊர் முழுக்க அலைந்தார்கள். மறைக்கக் கெஞ்சுவதும் எழுதக் கெஞ்சுவதும் எதைப் பொறுத்தது என்பதைப் பார்த்தால், வரியில் எழுதுவதை நிர்ணயிக்க வேண்டியது உடம்பு மட்டும்தான் என்ற நிலையைத் தவிர மருத்துவருக்கு நிற்க வேறு தரை கிடையாது.

இதைவிட நேர்மையான ஆட்சேபம் முதியோர் மருத்துவம் பார்க்கிறவர்களிடமிருந்து வருகிறது. தொண்ணூறு வயதில், சிறுநீரகம் பாதி, இதயம் பாதி, மறதி நோய், எலும்புத் தேய்மானம் எல்லாம் சேர்ந்து ஒரு நாள் அணைந்துபோகிறவருக்கு எங்கே சங்கிலி? அது வலை, சங்கிலி அல்ல. ஒற்றைக் காரணம் கேட்கும் படிவமே பொய் சொல்ல வைக்கிறது என்கிறார்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். 2022-இல் வெளியான இரண்டாம் எலிசபெத்தின் இறப்புப் பதிவில் சாவின் காரணம் முதுமை என்ற ஒற்றை வரிதான். வாக்கியத் தொடக்கத்தில் 'டியூ டு' போட்டவருக்குக் கடைசியில் 'டியூ டு' தேவைப்படாமல் போனது. பிரிட்டனில் 80 வயதுக்கு மேல், வேறு குறிப்பான நோய் எதுவும் தெரியாதபோது அப்படி எழுத வழிகாட்டுதல் இடம் தருகிறது. ஆனால் நம் சூழலில் அந்தக் கதவைத் திறந்துவிட்டால் அறுபது வயதுக்காரர்கள்கூட அதன் வழியே வெளியே போவார்கள்; முதுமைத் தளர்ச்சி என்ற பெயரில் கண்டுபிடிக்கப்படாத காசநோயும் புற்றுநோயும் புதைந்துபோகும். வலைதான் என்றாலும், இந்த வாரம் எந்த நூல் அறுந்தது என்று பெரும்பாலும் சொல்ல முடிகிறது. மற்ற நூல்களுக்கு இரண்டாம் பகுதி இருக்கிறது. அதில் எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம், யாரும் தடுக்கவில்லை.

கடைசியாக, தெரியாதபோது என்ன செய்வது. கொண்டுவந்து அரை மணி நேரத்தில் இறந்தவருக்குச் சங்கிலி எழுதச் சொன்னால் கற்பனைதான் வரும் என்பார்கள். இந்தத் தொடர் உறுதியைக் கேட்கவில்லை, சரியாக இருக்க அதிக வாய்ப்புள்ள கருத்தைக் கேட்கிறது. 'பெரும்பாலும்' என்று முன்னால் போட்டு எழுத வழி உண்டு. எதுவும் தெரியாவிட்டால் காரணம் தெரியவில்லை என்று எழுதவும் வழி உண்டு. நடைமுறையில் இந்த இரண்டையும் எழுதுகிறவர் அரிது. தெரியவில்லை என்பது தோல்வி என்று நினைத்து அதன் இடத்தில் இதய நிறுத்தத்தைப் போட்டுவிடுகிறார்கள். தெரியவில்லை என்று எழுதியிருந்தால் யாராவது போய்த் தேடுவார்கள். 2020-இல் இந்தியாவில் பதிவான சாவுகளில் மருத்துவச் சான்று பெற்றவை 22.5 சதவீதம்தான்; மீதியில் காரணம் என்பதே உறவினர் வாய்ச் சொல். அந்த வாய்ச் சொல்லையும் ஒழுங்காகக் கேட்டால் எவ்வளவு கிடைக்கும் என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. 1990-களின் நடுவில் இறந்த 48,000 பெரியவர்களின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற ஆட்களை அனுப்பி, கடைசி நாட்களில் என்ன நடந்தது என்று குடும்பத்தாரைக் கேட்டு எழுதி வாங்கினார்கள் வேந்தன் கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோவும் சேர்ந்த குழுவினர். காரணம் குறிப்பிடப்படாத சாவுகளின் பங்கு வெகுவாகக் குறைந்தது. மருத்துவப் பட்டம் இல்லாத அந்த ஆட்கள் கேட்டதெல்லாம் காய்ச்சல் முதலில் வந்ததா, மூச்சுத் திணறல் முதலில் வந்ததா, எத்தனை நாள், அதற்கு முன் என்ன என்பதுதான். படிவத்தின் மூன்று வரிகளும் ஓரக் கட்டமும் கேஸ் ஷீட்டைக் கையில் வைத்திருக்கும் ஹவுஸ் சர்ஜனிடம் கேட்பதும் இதே கேள்விகள்தான். பதில்களில் பெரும்பகுதி அந்தக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும்.